ஒரே மனிதர், ஒரே அறம்



மருத்துவமனையில் நோயாளி எனப்படுபவரே சமூகநலத் துறையில் பயனாளி எனப்படுகிறார். பெயர் மாறினும் மனிதர் ஒருவரே. ஆகவே இவ்விரு துறைப் பணியாளர்க்கும் உரிய அறமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். உதவி பெறுபவரின் இசைவைப் பெறுதல் அதன் முதற்கூறு; அவரைப் பற்றிய செய்தியைக் காத்தல் இரண்டாவது.

இசைவைப் புறக்கணித்ததன் விளைவை நம் நாடு நெருக்கடி நிலைக் காலத்தில் கண்டது. 1976-77ஆம் ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. பல மாநிலங்களில் இலக்கை எட்டும் பொறுப்பு மருத்துவர்களோடு நில்லாது, ஆசிரியர்கள் மீதும் வருவாய்த்துறை அலுவலர்கள் மீதும் சுமத்தப்பட்டது. ஆளை அழைத்து வருபவர் ஒரு துறையினர், அறுவை செய்பவர் வேறொரு துறையினர் என்னும் நிலையில், இசைவு பெறுவது மற்றவர் கடமை என இரு சாராரும் இருந்துவிட ஏதுவாகிறது. அடுத்த ஆண்டில் அறுவைகளின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. மக்களின் நம்பிக்கையை இழந்த திட்டம் தன் நோக்கத்தையும் இழந்தது. 1996இல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு பணித்தது.

செய்தியைக் காத்தலுக்குக் காசநோய் ஒழிப்புப் பணி தக்க சான்றாகும். 2012 முதல், காசநோய் கண்டவரைப் பற்றி அரசுக்கு அறிவித்தல் மருத்துவரின் கடமை. சத்துணவுக்கான உதவித்தொகை 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2022இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டில் தனியாரும் நிறுவனங்களும் உணவளித்து உதவ முன்வருகின்றனர். அதற்கு நோயாளியின் இசைவு தேவை. அரசுக்கு அறிவித்தல் வேறு, அண்டை வீட்டார் அறியச் செய்தல் வேறு. திருமணம் தடைப்படுமோ, வேலை போகுமோ என அஞ்சுபவர் சிகிச்சைக்கு வரவே தயங்குவார். உணவுப் பொட்டலம் வழங்குவதைப் படமெடுத்து வெளியிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரகசியம் காத்தலுக்கும் எல்லை உண்டு. குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானதை அறிந்தவர் எவராயினும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மருத்துவருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இக்கடமை பொதுவானது.

இவ்வெல்லைகளை ஒவ்வொரு துறையும் தனித்தனியே கற்பிப்பதைவிட, வட்டார அளவில் மருத்துவர், செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரை ஒருங்கே அமர்த்திப் பயிற்றுவித்தல் பயன் தரும். எச்செய்தியை யாரிடம், எதற்காகப் பகிர்வது என்பதை அவர்கள் கூடி முடிவு செய்யட்டும். சட்டம் பணிக்கும் இடம் தவிர ஏனையவற்றில், உரியவரைக் கேட்ட பின்னரே பகிரட்டும்.