கை மட்டும் போதுமா?

(வேடசந்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புகையிலையும் நிலக்கடலையும் முருங்கையும் விளையும் இந்த மேட்டு நிலத்தின் நடுவே நூற்பாலைகள் வரிசையாக எழுந்து நிற்கக் காண்கிறோம். அவற்றினுள் செல்லும் பஞ்சில் பெரும்பகுதி இங்கே விளைந்ததன்று. குசராத்திலிருந்தும் மகாராட்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. அதை நூற்கும் கைகளும் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வருகின்றன. பஞ்சுக்குக் கிடங்கு உண்டு. மழை படாமல் காக்கிறார்கள். கைக்கு உரியவனுக்கு என்ன உண்டு?

"வடநாட்டான் வந்தான், கூலி குறைந்தது" என்று தேநீர்க் கடையில் நம்மவர் சிலரே பேசக் கேட்கிறேன். குறைத்தவன் அவனா? அவன் வருமுன் இதே ஆலைகளில் உழைத்தவர் யார்? நம் சிற்றூர்ப் பெண்கள் அல்லவா! மூன்றாண்டு விடுதியில் அடைபட்டு உழைத்தால் முடிவில் திருமணத்திற்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயரும் சூட்டினார்கள்! இடையில் நோயுற்று வீடு திரும்பிய எத்தனையோ பெண்கள் அந்தத் தொகையைக் கண்ணாலும் கண்டதில்லை. உள்ளூர்ப் பெண்கள் வரத் தயங்கியபோது, அதே விடுதிக்கு வேறு மொழி பேசுவோர் அழைத்துவரப்பட்டனர்.

இது நமக்குப் புதுக் கதையா? கங்காணிகளின் பின்னே சென்ற நம் மக்கள் இலங்கை மலைகளில் தேயிலையை வளர்த்தனர். 1948இல் அந்நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள்! தேயிலைப் பெட்டிகளின் கணக்கன்று, தோழர்களே, மனிதரின் கணக்கு. அதைக் கண்டு நெஞ்சு கொதித்த நாம், இங்கே வந்தவனை வேறு கண்கொண்டு பார்க்கலாமா?

ஆட்கள் நிலைப்பதில்லை என்பது ஆலை முதலாளிகளின் குறை. 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர் அஞ்சி ரயிலேறினர். ஒரு வதந்திக்கே மூட்டை கட்டுகிறான் என்றால், இங்கே அவனுக்குப் பிடிமானம் இல்லை என்றுதானே பொருள்? பிற மாநிலத் தொழிலாளருக்காக 1979இல் வந்த சட்டம் இடப்பெயர்ச்சிப் படி, பயணப் படி, தங்குமிடம், மருத்துவம் என வகுத்தது. அதை விழுங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் இடப்பெயர்ச்சிப் படியே மறைந்தது!

ஆயினும் இந்த மாவட்டமே வழி காட்டியிருக்கிறது. ஓர் இளம் பெண் தொழிலாளி கொலையுண்ட துயரத்திற்குப் பின், 2022இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் போராடிப் பெற்ற திண்டுக்கல் ஒப்பந்தம், பாலினத்தாலும் சாதியாலும் மட்டுமன்றி, வெளியூரிலிருந்து வந்தவர் என்பதாலும் வேற்றுமை காட்டலாகாது என்று எழுதி வைத்தது. உள்ளூர்ப் பெண்ணையும் வெளியூர்த் தொழிலாளியையும் ஒரே தாளில் நிறுத்திய ஒப்பந்தம் அது.

ஆகவே, கிளைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. வேற்று மாநிலக் குடும்ப அட்டைக்கும் இங்கே அரிசி பெறலாம். 2020 அக்டோபரிலேயே தமிழகம் அத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது. இதை அவர்களிடம் சொன்னவர் நம்மில் எத்தனை பேர்? பிள்ளைகளோடு வந்தோரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்க உறுப்பினர் படிவத்தை ஒடியாவிலும் இந்தியிலும் அச்சிடுங்கள். இந்தியிலா என்று சிலர் புருவம் நெரிப்பர். திணிப்பை எதிர்ப்பது வேறு, தோழனிடம் அவன் மொழியில் பேசுவது வேறு. வார விடுமுறையன்று அவர்கள் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். அன்று மாலை அங்கே ஒரு மேசையைப் போட்டு உட்காருங்கள்.