தூரமும் நேரமும்



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

யான் பல ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன். 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், உலக உருண்டையின்மீது நூலொன்றை இழுத்துப் பிடித்து, தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழியைக் காட்டினேன். நூல் வடதுருவத்தின் அருகே சென்றது. "ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். தூரம் குறைந்தால் பயண நேரமும் குறையும்" என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, சென்ற அக்டோபரில் ஏர் இந்தியா விமானம் நீண்ட வழியில் பறந்து விரைவாகச் சேர்ந்ததாமே?" என்றாள். "அது எப்படி இயலும்? உட்கார்" என்று அடக்கிவிட்டேன்.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். அவள் கூறியதே உண்மை. அதுவரை அவ்விமானம் மேற்கு நோக்கி அட்லாண்டிக் கடலைக் கடந்து, சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்து வந்தது. 2016 அக்டோபர் 16ஆம் நாள் அது கிழக்கு நோக்கிப் பசிபிக் கடலின்மேல் பறந்தது. தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நேரமோ பதினான்கரை மணிதான். 1,400 கிலோமீட்டர் கூடியும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது!

காரணம் காற்று. சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்தோடும் காற்றாறுகள் உள்ளன. ஆற்றுப் பெருக்கோடு செல்லும் ஓடத்துக்கும், பெருக்கை எதிர்க்கும் ஓடத்துக்கும் உள்ள வேற்றுமையே இவ்விரு வழிகளுக்கும் உள்ளது. 15,300ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கிலோமீட்டர் வரும். விமானத்தின் சொந்த வேகம் சுமார் 900 தான். எஞ்சியது காற்று அளித்த கொடை.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். தில்லியில் ஞாயிறு காலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பதினான்கரை மணி நேரம் பறந்தால், நம் கடிகாரத்தில் மாலை 6.30. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே அங்கே அதே ஞாயிறு காலை 6 மணி! கடிகாரங்களை மட்டும் நம்பினால் பயணம் இரண்டே மணி நேரம் என்றன்றோ ஆகும்?

மறுநாள் வகுப்பு முழுவதும் கேட்க, அம்மாணவியிடம் என் பிழையைச் சொன்னேன். யான் காட்டிய நூல் பொய்யன்று. அது தூரத்தைச் சரியாகவே அளந்தது. காற்றை அளக்க அதனால் இயலாது. அதை மறந்தது என் குற்றம். கேட்டவளை உட்கார வைத்தது அதனினும் பெரிய குற்றம்.

மாணவர்களே, ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தில்லி திரும்பும் விமானத்துக்கு எக்கடலின்மேல் காற்று துணை நிற்கும்? உலக உருண்டையைக் கையில் எடுத்துச் சிந்தியுங்கள். உங்கள் விடை ஆசிரியரின் விடைக்கு மாறுபட்டால், தயங்காது எழுந்து நில்லுங்கள்.