நோயை வென்ற தாய்மாரும் நடைப்பயிற்சியும்



வெள்ளி விழாக் காணும் கல்விக் கழக மேடையில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுத் தாய்க்கும் தமக்கைக்கும் பயன்பட வேண்டும். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவருடைய பெருமுயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்ற பெண்கள் பலர் நலமடைந்து வீடு திரும்புகின்றனர்.

திரும்பியபின் என்ன? அறுவைக்குப்பின் தோள் இறுகுகிறது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியதால் சிலருக்குக் கை வீங்குகிறது. களைப்பு நெடுநாள் நீடிக்கிறது. "ஓய்வெடு, எதையும் தூக்காதே" என்கின்றனர் உறவினர். குடம் சுமந்து, கூலி வேலைக்கும் சென்றே தீரவேண்டிய நம் தாய்மார்க்கு இவ்வறிவுரை அச்சத்தையே வளர்க்கிறது.

மருத்துவ உலகம் இக்கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. கை வீக்கமுற்ற 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து, 2009-இல் வெளியான ஆய்வில், தக்க பயிற்றுநரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேர விரைந்த நடை இதற்குப் போதும்.

இவ்வழக்கம் தளராதிருக்கக் கைப்பேசிச் செயலிகள் துணைசெய்கின்றன. அவை அடிகளை எண்ணும். வேளை தவறாமல் நினைவூட்டும். ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா பல்கலைக்கழகத்தார் இத்தகைய பெண்களுக்கெனவே 'பெனெகா' என்னும் செயலியை உருவாக்கினர். 80 பெண்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், செயலியை மட்டும் பெற்றவர்களைவிட, அதனோடு நேரடிப் பயிற்சியும் பெற்றவர்களே மேலான பயன் எய்தினர். கருவி கணக்கெழுதும், கூட நடப்பதற்கு மனிதர் வேண்டும்.

இளைஞர்களே, உங்கள் பணி இங்கேதான் தொடங்குகிறது. பல வீடுகளில் கைப்பேசி மகனின் சட்டைப் பையில் இருக்கிறது. அதனை அரைமணி நேரம் தாயிடம் கொடுங்கள். செயலியைத் தமிழில் அமைத்துக் கொடுங்கள். அலமாரியில் கிடக்கும் கைப்பேசி எதையும் எண்ணாது. இடுப்புச் சுருக்குப்பையில் இட்டுச் செல்லச் சொல்லுங்கள். முதலில் மருத்துவரிடம் கேட்டு, எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கலாம் என அறிந்துகொள்ளுங்கள். கை புதிதாக வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாயின் நோய்ச் செய்தியை அவர் இசைவின்றிப் பிறர்க்கு அனுப்பாதீர்கள்.

"ஊரார் பார்ப்பார்களே" எனத் தாய் தயங்கக்கூடும். அப்போது ஒரு வரலாற்றை அவருக்கு நினைவூட்டுங்கள். 1930-31-இல், நம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் நம் முன்னோர்மீது தடைகள் பல விதித்தனர். செருப்பணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது, பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது என்பன அவற்றுட் சில. அதே மண்ணின் சாலையில், செருப்பணிந்து, வெயிலுக்குக் குடை பிடித்து, படித்த மகள் உடன்வர, நம் தாய் தம் உடல்நலத்திற்காக நடக்கட்டும். அவர் நாணுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நாம் பெருமை கொள்வதற்கு நிரம்ப உண்டு.

ஆளுக்கொரு தாய்க்குத் துணையாக நாளைக் காலையே புறப்படுவோம்.