கொழுக்கட்டைப் புல்



மாடு வாங்குவதற்குக் கடன் கேட்டு மனுச் செய்யும் குடியானவர் அநேகர். அம்மாட்டுக்குப் பங்குனி சித்திரையில் என்ன தீனி போடுவது என்று முன்னதாக யோசிப்பவர் சிலரே. ஒரு பருவம் மழை பொய்த்தால் வைக்கோல் விலை ஏறுகிறது. மாடு குறைந்த விலைக்குச் சந்தைக்குப் போகிறது. மாடு போன பின்னும் கடன் பேரேட்டில் நிற்கிறது, வட்டியும் வளர்கிறது. இத்தீங்கைக் குறைக்கும் வழியொன்றைக் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாயுள்ளது கொழுக்கட்டைப் புல்லாகும்.

இது ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் காட்டுப் புல். ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட பிரதேசங்களில் இயற்கையாக வளர்வது. இதன் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். கோடையில் தூர் காய்ந்து பட்டுப்போனதுபோலத் தோன்றினும் அடியில் உயிர் இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்ததும் சில தினங்களில் துளிர்த்துவிடும். செம்மண்ணும் சரளை நிலமும் இதற்கு ஏற்றவை. தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது.

ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறும் அப்பிரதேசத்தில், மேட்டு நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு வைப்பார்கள். இதற்குக் கொறங்காடு என்று பெயர். வேலி இருப்பதால் மேய்ப்பவன் இன்றியே மாடுகள் மேயும். கோடையில் வெள்வேலங் காய்கள் உதிர்ந்து ஆடுகளுக்கு உணவாகும். காங்கயம் காளைகளின் கீர்த்திக்கு இம்மேய்ச்சல் நிலங்களும் ஒரு காரணம். 1936ஆம் ஆண்டில் லிட்டில்வுட் என்பவர் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகளைப்பற்றிய நூலில் அவ்வினத்தின் விவரத்தைக் காணலாம்.

இனிப் பயிரிடும் முறை. புதிதாகச் சேகரித்த விதை நன்றாக முளைப்பதில்லை. சில மாதங்கள் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து விதைக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை போதுமானது. விதை சுணையுடன் பஞ்சுபோல் இலேசாயிருப்பதால் காற்றில் பறந்து போகாவண்ணம் மணலுடன் கலந்து, 50 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில் மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுதல் வேண்டும். ஆழப் புதைந்தால் முளைக்காது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் கலந்தால் தீனியின் சத்து மிகும். விதைத்த 70 அல்லது 75 தினங்களில் முதல் அறுப்புச் செய்யலாம். பூத்து முற்றுமுன், தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும்.

முதல் ஆண்டில் மாடுகளை மேய விடலாகாது. வேர் பிடிக்காத தூர் மாடு இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்னரும் நிலத்தைப் பாகங்களாகப் பிரித்து, ஒரு பாகம் மேயும்போது மற்றவை ஓய்ந்திருக்குமாறு செய்தல் அவசியம். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் புதிதாகப் புகுந்த இப்புல் அங்குள்ள இயற்கைச் செடிகளை நெருக்கி, காட்டுத் தீ பரவுவதற்கும் ஏதுவாயிற்று. ஆகையால் இதை வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்ப்பதே முறை. காடுகளில் தூவுதல் தகாது.

1895இல் கூட்டுறவுக் கடன் முறையைப்பற்றிய அறிக்கையைச் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த நிக்கல்சனே, 1887இல் கோயமுத்தூர் ஜில்லாவின் விவரக் கையேட்டைத் தொகுத்தவர். சங்கத்தின் பணமும் கிராமத்தின் மண்ணும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது. மாட்டுக் கடன் மனு வரும்போதெல்லாம் தீனிக்கு என்ன ஏற்பாடு என்று நிர்வாக சபையார் விசாரிக்கட்டும். புல் வைத்திருப்பவரிடம் விதை வாங்கிச் சங்கத்தில் சேமித்து, இல்லாதவருக்குக் கொடுத்து, மறு ஆண்டு விதையாகவே திரும்பப் பெறட்டும். ஒவ்வோர் அங்கத்தினரும் தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் கால் ஏக்கரேனும் இவ்வாண்டு விதைத்துப் பார்ப்பாராக. அடுத்த கோடையில் அவர் தொழுவத்து மாடு தொழுவத்திலேயே நிற்க அது உதவும்.