சட்டைப்பை கேமராவும் தொடுதிரையும்: எதைப் பார்த்து வாங்குவது?

(நம் குடியிருப்பின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இருபத்தாறு வருடம் கலர் லேப் நடத்தியவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் போதும், “சார், சின்னதா ஒரு கேமரா வாங்கணும், எது நல்லது?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நாலாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கைப்பையில் அடங்க வேண்டும், போன் மாதிரி தொட்டால் வேலை செய்ய வேண்டும். சரி, எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்றார் செயலாளர்.

முதலில் ஒன்று. எடுக்கிற படமெல்லாம் வாட்ஸ்அப்பில் போகத்தான் என்றால் கேமரா வாங்காதீர்கள். இன்றைய போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒரு படமாக்கித் தருகிறது. மங்கிய வெளிச்சத்தில் சின்னக் கேமரா பலதும் அதோடு போட்டி போட முடியாது. கேமராவில் எடுத்ததைப் போனுக்கு மாற்றுவதே தனி வேலை. இரண்டு வாரம் ஆர்வமாகச் செய்வோம், பிறகு கேமரா பீரோவுக்குள் போய்விடும். என் லேப் வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் யாருக்குத்தான் கேமரா? பள்ளி ஆண்டு விழாவில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு பேத்தியின் முகத்தை மட்டும் எடுக்க நினைப்பவருக்கு. லென்ஸே நகர்ந்து கொடுக்கும் ஆப்டிகல் ஜூம் வேறு, இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேறு. படங்களை அச்சுப் போட்டு ஆல்பம் வைப்பவருக்கும் கேமரா வேண்டும். நடுவில் வங்கியிலிருந்தும் மருமகளிடமிருந்தும் அழைப்பு வராமல் நிம்மதியாகப் படம் எடுக்க நினைக்கும் பெரியவர்களுக்கும்தான். இதில் மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் என்னிடம் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் உண்மையான காரணம்.

கடையில் என்ன கிடைக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள் 2010இல் உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கும் மேல் விற்றன. தொடுதிரை வைத்த ஒல்லிக் கேமராக்களுக்கு அதுதான் பொற்காலம். சோனியின் டி, டிஎக்ஸ் வரிசைகளில் முன் மூடியைக் கீழே இழுத்தால் கேமரா விழித்துக்கொள்ளும். 2010இல் கேனான் இக்சஸ் 210 வந்தது, அடுத்த வருடம் இக்சஸ் 310 எச்எஸ். நிக்கானிலும் சாம்சங்கிலும்கூட இருந்தன. பிறகு போன் வந்து அந்தச் சந்தையை மொத்தமாக விழுங்கிவிட்டது. இன்று மலிவாகக் கிடைக்கும் சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் தொடுதிரையே கிடையாது. கேனான் இக்சஸ் 285, கோடாக் எஃப்இசட் 55 இரண்டும் பொத்தான் கேமராக்கள்தான். தொடுதிரை வேண்டும் என்றால் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ் 100 ஏழாம் பதிப்பு, ரிக்கோ ஜிஆர் 3, பானாசோனிக் டிஇசட் 99 என்று விலை கூடிய வரிசைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பழையது வாங்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகிறது. ஏ பிளாக்கில் ஒரு அம்மா, அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் ஒரு கேமரா வாங்கினார். பெட்டி மேல் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் என்று போட்டிருந்தது. மகளின் வளைகாப்புக்கு அதை மட்டும் நம்பிப் போய்விட்டார். நூற்றுப் பதினேழு படம். ஒன்றில்கூட வளையல் வளையலாகத் தெரியவில்லை. கேமராவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது பழைய போன்களில் வரும் அளவில் ஒரு சின்ன சென்சார், ஃபோகஸ் நகராத ஒரு லென்ஸ். சின்னப் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி 48 என்று எழுதிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விவரப் பட்டியலில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்று தெளிவாக இருக்கிறதா, சென்சாரின் அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் மெகாபிக்சல் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சென்சார் அளவு ஏன் முக்கியம்? சாதாரணச் சின்னக் கேமராவில் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு இன்ச் என்று சொல்லப்படும் சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பளவில் நான்கு மடங்கு. மழை நாளில் முற்றத்தில் வைக்கும் சொம்புக்கும் அண்டாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். கல்யாண மண்டப வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும். மேலே சொன்ன கேமராக்களில் கேனானும் சோனியும் ஒரு இன்ச் வகை. ரிக்கோவுடையது அதைவிடவும் பெரிது, ஆனால் அதில் ஆப்டிகல் ஜூமே கிடையாது. பானாசோனிக்கில் 30 மடங்கு ஜூம் உண்டு, ஆனால் சென்சார் சின்னது. எல்லாம் ஒரே கேமராவில் வேண்டும் என்று கேட்டால் அது சட்டைப்பையில் அடங்காது.

இனி தொடுதிரை. அதில் இரண்டு வகை உண்டு. பழைய கேமராக்களில் பெரும்பாலும் அழுத்தத்துக்கு வேலை செய்யும் திரை. நகத்தால் அழுத்தினாலும் கேட்கும், மெதுவாகத் தடவினால் கேட்காது. புதியவை போன் மாதிரி, விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்பவை. லேசாகத் தொட்டாலே போதும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் உள்ளங்கை வேர்த்து ஒரு சொட்டு திரையில் பட்டாலும் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அத்தானுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். வெளியாள் யாரும் வேண்டாம், தம்பி இருக்கானே, அவன் எடுப்பான் என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். அப்போது வாங்கியிருந்த ஒரு இன்ச் சென்சார் தொடுதிரைக் கேமராவோடு போனேன். கலசங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கூட்டம், புகை, வேர்வை. கேமராவைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் எப்போதோ திரையின் ஓரத்தில் பட்டிருக்கிறது. ஃபோகஸ் கட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. நகர்ந்தது அங்கேயே நின்றுவிட்டது. படிக்கும் கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்ததால் அந்தச் சின்னக் கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அத்தான் தாலி கட்டுகிற நேரத்தில் பதினோரு படம் எடுத்தேன். பதினொன்றிலும் முன்னால் இருந்த கலசமும் மாவிலையும் அவ்வளவு துல்லியம். பின்னால் இரண்டு முகமும் மங்கல். சின்ன சென்சார் கேமராவாக இருந்திருந்தால் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாக விழுந்து என் தப்பு மறைந்திருக்கும். பெரிய சென்சார், போதாக்குறைக்கு ஜூமும் போட்டிருந்தேன், மன்னிக்கவில்லை.

அடுத்த வருடம் அத்தான் காலமாகிவிட்டார். அந்தப் பதினொன்றில் ஒன்றை அக்கா பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். நான் போகும்போதெல்லாம், “கலசம் எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாருடா” என்கிறாள்.

ஆகவே கேமரா வாங்கியவுடன் அமைப்புகளுக்குள் போய் முதலில் ‘டச் ஷட்டர்’ என்பதை அணைத்துவிடுங்கள். தொட்டாலே படம் எடுக்கும் வசதி அது. அடுத்து, முகத்தைத் தேடி ஃபோகஸ் செய்யும் முறையைப் போட்டு வையுங்கள். தொட்டு மாற்றிய ஃபோகஸை எப்படி ரத்து செய்வது என்று வீட்டிலேயே பத்துத் தடவை பழகுங்கள். தொடுதிரையை முழுவதுமாக அணைக்கவும் சில மாடல்களில் வழி உண்டு. கடையிலேயே அதைக் கேளுங்கள். தெரியாது என்றால் கையேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். தொடுதிரைதான் பெரியவர்களுக்குச் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறோம். பி பிளாக் மூன்றாவது மாடிப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, கை நடுக்கம். பால்கனியில் கூடு கட்டிய கொண்டைக்குருவியை எடுக்க ஆசை. மகன் வாங்கித் தந்த கேமராவில் பொத்தான்களே கிடையாது என்று சொல்லலாம், எல்லாம் திரையில்தான். திரையைத் தொடும்போது விரல் கேமராவையே பின்னால் தள்ளுகிறது. நடுக்கம் இல்லாத கையிலேயே படம் அசையும், அவர் பாவம் என்ன செய்வார்? ஷட்டர், ஜூம், பார்வைக்கான பொத்தான் மூன்றும் தனியாக உள்ள பழைய கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்தோம். குருவியைத் தொட்டுக் காட்ட மட்டும் திரை. பிறகு இரண்டு விநாடி டைமர் வைத்து, பொத்தானை அழுத்தி, கேமராவைப் பால்கனிக் கைப்பிடியில் பதித்துவிடுவார். இப்போது குஞ்சுகளுக்கு வாய் திறந்திருப்பதுகூடத் தெரிகிறது. லிஃப்டில் எனக்குத்தான் காட்டுகிறார், நாலாவது மாடி வந்தாலும் விடுவதில்லை.

பழையது வாங்குகிறவர்களுக்கு, முக்கியமாக 2000களின் கேமராவைத் தேடி அலையும் டி பிளாக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திரையின் நான்கு மூலையிலும் தொட்டுப் பாருங்கள். அழுத்தத் திரைகளில் முதலில் ஓரம்தான் செத்துப்போகும். பொத்தான் குறைவான கேமராவில் திரை போனால் கேமராவே போனது மாதிரி. லென்ஸைப் பத்துத் தடவை வெளியே வரவைத்து உள்ளே அனுப்புங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் இருக்கிறது. வெள்ளைச் சுவரையும் வானத்தையும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் கறை இருந்தால் சென்சாரில் தூசி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. கடற்கரை ஊரில் அது வராத கேமராதான் அதிசயம்.

பேட்டரிக்கும் கார்டுக்கும் அப்புறம்தான் விலை பேச வேண்டும். அந்த மாடலின் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று எண்ணைக் குறித்துக்கொண்டு போய்த் தேடுங்கள். உப்பிய பேட்டரியோடு வந்தால் தொடவே வேண்டாம். சோனியின் பழைய கேமராக்கள் சில மெமரி ஸ்டிக் மட்டுமே ஏற்கும். எஸ்டி கார்டு போடுவதிலும் 32 ஜிபிக்கு மேல் ஏற்காத மாடல்கள் உண்டு. கடைக்காரர் 128 ஜிபி கார்டை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

வெயிலில் திரை தெரியவில்லை என்பது இந்தக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை, கண் வைத்துப் பார்க்கும் துளை பெரும்பாலும் இல்லை. திரையின் பிரகாசத்தைக் கூட்டுங்கள், கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள். சில கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கேமரா கெட்டுவிட்டது என்று என் லேப்புக்கே ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறை ஈரத்தை இழுக்கும்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் இரண்டு தொடுதிரைக் கேமராவும் ஒரு பொத்தான் கேமராவும் வைத்திருப்பேன். உங்கள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். படிக்கும் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள். திருக்கடையூரில் எடுத்த கேமராவும் அந்த மூன்றில் ஒன்று.