சொல்லலாகாத் தீவு

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சொல்லையே செல்வமாகக் கொண்டோர் கூடியுள்ள இவ்வவையில், ‘சொல்லுதல் கூடாது’ என்னும் விதியால் காக்கப்பட்ட தீவொன்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஜப்பான் நாட்டின் ஒகினோஷிமாவே அத்தீவு.

கியூஷு பெருந்தீவின் கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கொரியத் தீபகற்பத்திற்குச் செல்லும் கடல்வழியில் அது தனித்து நிற்கிறது. சுற்றளவு 4 கிலோமீட்டர். உச்சியின் உயரம் 243 மீட்டர். அடர்ந்த பழங்காடு அதனைப் போர்த்திருக்கிறது. கடல் கடப்போர் நலமுற மீளவேண்டும் என்று 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 9ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே பெருவழிபாடுகள் நிகழ்ந்தன. முதலில் பாறைகளின் மேல். பின்னர் பாறை நிழலில். இறுதியில் திறந்த வெளியில். ஐந்நூறு ஆண்டுகளில் வழிபாடு பாறையிலிருந்து மண்ணுக்கு இறங்கி வந்த வரலாறு இது.

1954 முதல் 1971 வரை மூன்று கட்டங்களாக அங்கே அகழாய்வு நடைபெற்றது. கொரியாவின் பொன் மோதிரம், சீனத்தின் பொன்முலாம் பூசிய நாகத் தலைகள், பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்தின் உடைந்த துண்டு எனக் கிடைத்த ஏறத்தாழ 80,000 பொருள்கள் ஜப்பானின் தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுட் பல, படைத்தவர் வைத்த இடத்திலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவை.

அவற்றைக் காத்தது எது? மதிலுமில்லை, படையுமில்லை. தீவிலிருந்து ஒரு புல்லையும் எடுத்துச் செல்லலாகாது. கடலில் நீராடாமல் உட்புகலாகாது. அங்குக் கண்டதையும் கேட்டதையும் வெளியே உரைக்கலாகாது. இவ்விதிகளே வேலியாயின. இன்றும் ஒரே ஓர் அர்ச்சகர், பத்து நாளுக்கொருவராக முறைவைத்து, அங்கே தங்கித் தொண்டு செய்கிறார்.

இன்னொரு விதியும் உண்டு. பெண்கள் அங்கே காலடி வைக்கலாகாது. கடற்பயணத்தின் இடரே காரணம் என்பர் சிலர். குருதித் தீட்டு என்பர் சிலர். ஆனால் அத்தீவில் உறைவதோ டகோரிஹிமே என்னும் பெண் தெய்வம்! படையல்களிடையே பொன்முலாம் பூசிய சிறு நூற்புக் கருவிகளும் உள்ளன. இத்தீவினது என வழிவழியாகக் கூறப்படும் சிறு தறியொன்றும் முனகட்டா ஆலயத்தில் காக்கப்படுகிறது. ஜப்பானியப் பழங்கதையில் விண்ணகத்தில் ஆடை நெய்பவள் பெண்ணே. பெண்ணின் கருவி சென்ற இடத்திற்குப் பெண் செல்லவில்லை. அண்டையிலுள்ள ஓஷிமா தீவின் கரையில் அமைந்த தொலைவழிபாட்டுக் கோயிலில் நின்று, அடிவானத்தை நோக்கிக் கைகூப்புவதே அவளுக்கு வாய்த்தது.

2017இல் ஒகினோஷிமா உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதுவரை ஆண்டுதோறும் மே 27ஆம் நாள், 1905இல் அக்கடலில் நிகழ்ந்த போரை நினைவுகூரும் விழாவிற்கு ஏறத்தாழ 200 ஆடவர் செல்வதுண்டு. 2018 முதல் பொதுமக்களின் அவ்வருகையும் நிறுத்தப்பட்டது. ஆடவர்க்கும் கதவடைந்தது, பெண்டிர்க்கான தடையோ நீங்கவில்லை.

கவிஞர் பெருமக்களே! மௌனம் செல்வங்களைக் காக்கும் என்பதற்கு இத்தீவு சான்று. அதே மௌனம், ‘ஏன்’ என்ற வினாவையும் ஆயிரம் ஆண்டுகள் அடக்கி வைக்கும் என்பதற்கும் இதுவே சான்று. எதைக் காக்க வாய்மூடுவது, எதைக் கேட்க வாய்திறப்பது என்று பிரித்தறிவதே சொல்லை ஆள்வோரின் கடன். மனிதர் பேசாத அத்தீவைப் பற்றி, ஒரு சிறு தறி இன்று பேசிக்கொண்டிருக்கிறது.