சிரிப்புப் படமும் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் மறுவாரமே அவற்றை மறந்துவிடுவதை நாம் காண்கிறோம். கண்ணால் கண்டு, வாய்விட்டுச் சிரித்த ஒன்றோ எளிதில் மறப்பதில்லை. புலன்வழிக் கல்வியை வற்புறுத்திய கொமீனியஸ் என்னும் அறிஞர், 1658ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட சிறுவர் படநூலில், எழுத்தொலிகளை விலங்குகளின் குரல்களைக் கொண்டே கற்பித்தார்.

இன்று கணினியின் உதவியால் விலங்குப் படங்களை வேடிக்கையாக மாற்றியமைக்க முடிகிறது. யானையின் துதிக்கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பயணப்பெட்டி தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். துதிக்கையும் 'டிரங்க்', பெட்டியும் 'டிரங்க்', அடிமரமும் 'டிரங்க்'. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதும் அச்சொல்லே! எருமையின் தலையில் கொம்புக்குப் பதிலாகக் காரின் ஒலிப்பான் இருந்தால், 'ஹார்ன்' என்னும் சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பதியும்.

ஆனால், படத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடலாகாது. மெய்யான விலங்கின் படத்தையும் அருகில் வைக்கவேண்டும். இல்லையேல் சிறு பிள்ளை பொய்யை மெய்யென நம்பிவிடும். பின்னர், "இதில் எது பொருந்தவில்லை?" என்று கேட்டு, அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் பேசச் செய்யவேண்டும்.

ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இதைச் செய்யலாம். கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். பள்ளியில் கற்ற ஆங்கிலச் சொல்லைப் பிள்ளையே தாய்க்குச் சொல்லித்தரட்டும். பிழைக்கு அஞ்சி வாய்மூடியிருந்த பிள்ளை, அங்கேதான் பேசத் தொடங்கும்.